அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போன மூதாதையரைப் பழைய சென்சஸ் ஏடுகளில் தேடிப் பிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் ஐரிஷ் வம்சத்தவரிடம் "உங்கள் முன்னோருக்கு அயர்லாந்தில் எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் "கார்க்" என்பார்கள். விசாரித்தால் அது சொந்த ஊராக இருக்காது, கப்பல் ஏறிய இடமாக இருக்கும். கார்க் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்றது) உள்ள கோவ் துறைமுகத்துக்கு அன்றைய பெயர் குவீன்ஸ்டவுன். கெரியில் பிறந்தவரும் மேயோவில் பிறந்தவரும் அங்கே வந்துதான் கப்பலேறினார்கள். மூன்று தலைமுறை கடந்ததும் துறைமுகமே பூர்வீகம் ஆகிவிட்டது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். அமெரிக்க சென்சஸ் ஏடும் ஊர்ப் பெயரைச் சொல்லாது. 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் 'அயர்லாந்து' என்று ஒரே சொல்தான் இருக்கும். பிறகு அதைப் புரட்டுவானேன்? ஊர்ப் பெயர் இருக்கும் ஆவணம் வேறு எங்காவது கிடைக்கும்: கல்லறைக் கல்லில், தேவாலயப் பதிவேட்டில், வங்கிக் கணக்கேட்டில். அங்கே இருக்கும் பேட்ரிக் மர்ஃபி உங்கள் பேட்ரிக் மர்ஃபிதானா என்று தீர்த்துச் சொல்ல சென்சஸ் வேண்டும். அந்தப் பெயரில் நூறு பேர் இருந்த நகரத்தில் ஆளை அடையாளம் காட்டுவது பெயர் அல்ல. மனைவி யார், பிள்ளைகள் எந்த வரிசையில் பிறந்தார்கள், என்ன வேலை, எந்தத் தெரு, பக்கத்து வீட்டில் யார் என்ற விவரங்கள்தான் அடையாளம். ஆகவே தனி ஆளைத் தேடாதீர்கள், குடும்பத்தைத் தேடுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதையே சுற்றி வருகின்றன.

இரண்டு தீ விபத்துகள்

தேடலை ஆரம்பிக்கும் முன் எது அழிந்துபோனது என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லாத ஏட்டைத் தேடி வாரக்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டிடத்தில் தீப்பிடித்தது. 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க சென்சஸ் எரிந்தும் நனைந்தும் நாசமானது. எஞ்சியதையும் பின்னாளில் அரசே அப்புறப்படுத்தியது. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 6,000 பெயர்கள் மட்டுமே.

ஒன்றரை ஆண்டு கழித்து, 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு ஐரிஷ் சென்சஸ்களில் சில துண்டுகள் தவிர மற்றதெல்லாம் சாம்பல். 1861, 1871 ஏடுகளுக்குத் தீ தேவைப்படவில்லை, எண்ணிக்கை எடுத்து முடித்ததும் அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. முழுதாகக் கிடைக்கும் மிகப் பழைய ஐரிஷ் சென்சஸ் 1901-ஆம் ஆண்டுக்குரியது. பஞ்ச காலத்தில், அதாவது 1845 முதல் 1852-க்குள் கிளம்பியவரின் பெயர் அயர்லாந்து சென்சஸில் கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அவரைப் பிடிக்க அமெரிக்க ஏடுகள்தான் கதி.

எந்த ஆண்டு ஏட்டில் என்ன இருக்கும்

அமெரிக்க சென்சஸ் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் மூடிவைக்கப்படும். அதனால் 1950-ஆம் ஆண்டு ஏடு 2022 ஏப்ரல் 1 அன்றுதான் திறக்கப்பட்டது. பெரும்பாலானவற்றின் படங்கள் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். ஆன்செஸ்ட்ரி என்ற இன்னொரு தளத்துக்குச் சந்தா உண்டு, ஆனாலும் அமெரிக்காவின் பொது நூலகங்கள் பலவற்றில் காசில்லாமல் பார்க்கலாம்.

1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

1850 முதல் அடிமையல்லாத எல்லாருடைய பெயரும் வரும். வயது, தொழில், நில மதிப்பு, பிறந்த இடம் உண்டு, உறவுமுறை இல்லை. வீட்டில் இருக்கும் 40 வயதுப் பெண் மனைவியா, அக்காவா, இரண்டாம் தாரமா என்று நீங்களே ஊகிக்க வேண்டும். 1860-லும் அப்படியே, அசையும் சொத்தின் மதிப்பு மட்டும் கூடுதல்.

1870-ஐப் பலர் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள், அது தவறு. 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் குடிமகன் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அயர்லாந்தில் பிறந்தவருக்கு அந்தக் கோடு விழுந்திருந்தால், 1870-க்குள் அவர் குடியுரிமை பெற்றுவிட்டார் என்று பொருள். குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்தாண்டு வசிப்பு வேண்டும். ஆக, அவர் பெரும்பாலும் 1865-க்கு முன்பே வந்திருப்பார். ஒரு பேனாக் கோட்டிலிருந்து இவ்வளவு தெரிகிறது. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா நகரங்களில் அந்த ஆண்டு இரண்டு முறை கணக்கெடுத்தார்கள். ஒன்றில் விடுபட்டவர் மற்றதில் அகப்படலாம்.

1880-ல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது முதன்முறையாக வருகிறது. பெற்றோர் பிறந்த நாடும் நகரங்களில் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் வருகின்றன.

1900 ஏடு ஒரு புதையல். பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டு, தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை, நாட்டுக்குள் வந்த ஆண்டு, குடியுரிமை நிலை எல்லாம் உண்டு. குடியுரிமைக் கட்டத்தில் 'ஏஎல்' என்றால் அந்நியர், 'பிஏ' என்றால் முதல் விண்ணப்பம் போட்டவர், 'என்ஏ' என்றால் குடியுரிமை பெற்றவர். பிறந்தவர் 9, இருப்பவர் 5 என்று இருந்தால், உங்கள் பட்டியலில் இல்லாத நான்கு குழந்தைகளை இறப்புப் பதிவேட்டில் தேட வேண்டும். 1910-லும் இந்தப் பிள்ளைக் கணக்கு உண்டு. 1920-ல் குடியுரிமை பெற்ற ஆண்டே எழுதப்பட்டிருக்கும். 1930-ல் பிறந்த நாடு வட அயர்லாந்தா, ஐரிஷ் சுதந்திர அரசா என்று பிரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 32 கவுண்டியில் தேட வேண்டியதை ஆறாகவோ இருபத்தாறாகவோ குறைத்துவிடும் குறிப்பு அது. 1940-ல் தகவல் சொன்னவரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். மற்ற ஆண்டுகளில் கதவைத் திறந்து பதில் சொன்னது மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா என்று அறிய வழியில்லை.

முதல் படி: பின்னோக்கி நடங்கள்

உறுதியாகத் தெரிந்த ஆளிடமிருந்து ஆரம்பியுங்கள். பாட்டி 1925-ல் பிறந்தவர் என்றால் அவரை 1950-லும் 1940-லும் 1930-லும் பிடியுங்கள். அங்கே கிடைக்கும் பெற்றோரை 1920, 1910, 1900 என்று பின்னோக்கிக் கொண்டுபோங்கள். ஒரு பத்தாண்டைக்கூடத் தாவக் கூடாது. தாவிய இடத்தில்தான் வேறொரு குடும்பத்துக்குள் நுழைந்துவிடுவோம்.

ஒவ்வொரு ஏட்டுக்கும் ஒரு தாள் போடுங்கள். ஆண்டு, மாநிலம், கவுண்டி, ஊர் அல்லது வார்டு, பக்க எண், கட்டிட எண், குடும்ப எண், வீட்டில் உள்ள அத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் உள்ள எல்லாக் கட்டங்கள். இன்று தேவையில்லை என்று தோன்றுவதையும் எழுதுங்கள். கட்டிட எண் என்பது தெருக்கதவு எண் அல்ல, கணக்கெடுப்பவர் நடந்துபோன வரிசை எண். ஒரே கட்டிட எண்ணுக்குக் கீழே எட்டுக் குடும்ப எண்கள் இருந்தால் அது அடுக்குக் குடியிருப்பு. தளத்தில் தட்டச்சிட்டு வைத்திருக்கும் சுருக்கத்தை நம்பாமல் ஏட்டின் படத்தைத் திறந்து பாருங்கள். சுருக்கத்தில் பாதிக் கட்டங்கள் இருக்காது.

பெயர்: எல்லாரும் வழுக்கி விழும் இடம்

வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர். கணக்கெடுப்பவர் காதில் விழுந்ததை எழுதினார். 1850 முதல் 1870 வரையிலான ஏடுகள் கையால் பிரதி எடுக்கப்பட்டவை, நாம் இன்று பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பிரதி. பிறகு இன்னொருவர் அந்தக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சிட்டார். மூன்று கை மாறும்போது சல்லிவன் 'லல்லிவன்' ஆவதில் வியப்பில்லை. அக்காலக் கூட்டெழுத்தில் பெரிய எஸ்ஸும் எல்லும் ஒன்றுபோலவே இருக்கும். 'மெக்' என்ற முன்னொட்டு 'மீ' என்று வாசிக்கப்பட்டிருக்கும்.

'ஓ', 'மெக்' முன்னொட்டுகள் வரும், போகும். அப்பா சல்லிவன், மகன் ஓ'சல்லிவன் என்பது சாதாரணம். ஒலிப்பை வைத்துப் பெயர்களைக் கூட்டும் சவுண்டெக்ஸ் முறை இதில் கைகொடுக்காது. சல்லிவனின் குறி எஸ்415, ஓ'சல்லிவனின் குறி ஓ241. கியோ என்று ஒரே மாதிரி ஒலிக்கும் பெயரை ஒருவர் கேஇஓஜிஎச் என்றும் இன்னொருவர் கேஇஎச்ஓஇ என்றும் எழுதினால் முதலாவது கே200, இரண்டாவது கே000. இரண்டையும் தனித்தனியாகத்தான் தேட வேண்டும். மெக்கவன் ஸ்மித் ஆனதும், கிளியரி கிளார்க் ஆனதும், ப்ரெஹெனி ஜட்ஜ் ஆனதும் உண்டு. இவை பொருளை மொழிபெயர்த்தோ ஒலியை ஒட்டியோ ஆங்கிலமாக்கிக்கொண்ட பெயர்கள்.

பெண்களின் முதற்பெயர் இதைவிடச் சிக்கல். பிரிஜிட் என்று ஞானஸ்நானம் பெற்றவர் பிடி, பிரைடி, டீலியா என்றெல்லாம் வருவார். ஹொனோரா என்பவர் நோரா, ஹன்னா, ஆனி. ஜொஹன்னாவும் ஹன்னாதான். கேத்தரின் என்றால் கேட், கிட்டி. மார்கரெட் என்றால் பெகி, மேகி. ஆண்களில் ஜெரமையா 'டார்பி' ஆவார், ஓவன் 'யூஜீன்' ஆவார், டிமத்தி 'தேடி' ஆவார். 1860-ல் பிரிஜிட், 1870-ல் டீலியா என்றால் முதல் மனைவி இறந்து மறுமணம் நடந்தது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

தேடும் முறையைப் பொறுத்தவரை, குடும்பப் பெயரை முழுவதுமாகப் போடுவது கடைசி வழியாக இருக்கட்டும். நட்சத்திரக் குறி பல எழுத்துகளுக்கும் கேள்விக்குறி ஓர் எழுத்துக்கும் பதிலாக நிற்கும். அதுவும் பலிக்காவிட்டால் குடும்பப் பெயரையே விட்டுவிடுங்கள். முதற்பெயர், பிறந்த இடம் அயர்லாந்து, பிறந்த ஆண்டு ஐந்து முன்பின், கவுண்டி, மனைவியின் முதற்பெயர் என்று போட்டுப் பாருங்கள். பிள்ளைகளில் யாருக்கு அரிய பெயரோ அவரைத் தேடுவது இன்னும் நல்லது. ஜானையும் மேரியையும் தேடுவது கடலில் ஊசி தேடுவதுதான், பார்த்தலோமியூவோ கார்னீலியஸோ சட்டென்று அகப்படுவார்.

இன்னொரு பொறி: அம்மா மறுமணம் செய்திருந்தால், முதல் கணவரின் பிள்ளைகளுக்கும் புதுக் கணவரின் குடும்பப் பெயரையே கணக்கெடுப்பவர் கோடிழுத்து எழுதிவிடுவார். பத்தாண்டு கழித்து அந்தப் பிள்ளைகள் தங்கள் அப்பா பெயரோடு மறுபடி தோன்றுவார்கள்.

வயது: பிறந்த ஆண்டை நம்பாதீர்கள்

1850-ல் 30, 1860-ல் 36, 1870-ல் 48. கணக்குப் போட்டால் பிறந்த ஆண்டு 1820, 1824, 1822. மூன்றும் ஒரே ஆளாக இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பலருக்கு வயது துல்லியமாகத் தெரியாது. 30, 35, 40 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் ஏட்டில் குவிந்து கிடப்பதைப் பார்த்தாலே புரியும். நடுவயதினருக்கு ஐந்தாண்டும் முதியவருக்குப் பத்தாண்டும் முன்பின் கொடுங்கள். குழந்தைகளின் வயதைத்தான் கூடுதலாக நம்பலாம். எட்டு வயதுப் பிள்ளையைப் பன்னிரண்டு என்று யாரும் தவறாகச் சொல்வதில்லை.

எந்த நாளை அடிப்படையாக வைத்து வயது கேட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 1850 முதல் 1880 வரையிலும் 1900-லும் ஜூன் 1, 1910-ல் ஏப்ரல் 15, 1920-ல் ஜனவரி 1, 1930 முதல் ஏப்ரல் 1. கணக்கெடுப்பவர் ஆகஸ்டில் வந்தாலும் ஜூன் 1 நிலவரத்தையே எழுத வேண்டும் என்பது விதி. ஜூலையில் பிறந்த குழந்தை அதனால்தான் இருக்காது. ஜூலையில் இறந்த தாத்தா உயிரோடு இருப்பதாகப் பதிவாகியிருப்பதும் இதனால்தான்.

வயதைவிடப் பயன்படுவது பிள்ளைகள் பிறந்த இடம். கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 1860 ஏட்டில் மூத்தவன் வயது 11, பிறப்பு அயர்லாந்து. அடுத்தவள் 8, கனடா. கடைக்குட்டி 5, நியூயார்க். குடும்பம் 1849-க்கும் 1852-க்கும் இடையில் கடல் கடந்திருக்கிறது, 1855-க்குள் நியூயார்க் வந்துவிட்டது. இப்படிப்பட்டவரை நியூயார்க் துறைமுகக் கப்பல் பட்டியலில் தேடுவது வீண். கியூபெக் வழியாகவோ செயின்ட் ஜான் வழியாகவோ வந்து எல்லையை நடந்தே கடந்தவர்கள் ஏராளம். அமெரிக்க-கனடா எல்லைப் பதிவுகள் 1895-ல்தான் தொடங்குகின்றன. நடுப்பிள்ளை இங்கிலாந்தில் பிறந்திருந்தால் லிவர்பூல் பக்கம் சில ஆண்டுகள் வேலை பார்த்திருப்பார்கள். 1851 இங்கிலாந்து சென்சஸ் அழியவில்லை, அதையும் பாருங்கள்.

வீட்டுக்குள்ளும் பக்கத்து வீட்டிலும்

ஒருவர் வந்து வேலை தேடிக்கொண்டு, தம்பிக்குப் பயணச்சீட்டு அனுப்பி, தம்பி தங்கையை அழைத்து, தங்கை அத்தை மகளை அழைத்து என்று சங்கிலியாகத்தான் ஐரிஷ் மக்கள் வந்தார்கள். அதனால் வீட்டில் 'போர்டர்' என்று எழுதப்பட்டிருக்கும் வாடகை ஆளை வெறும் வாடகை ஆளாக நினைக்காதீர்கள், மனைவியின் தம்பியாக இருக்கலாம். உங்கள் குடும்பத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகளை முழுவதும் எழுதிவையுங்கள். 1860-ல் பக்கத்தில் இருந்த டோனோவன் குடும்பம் 1870-ல் வேறு தெருவிலும் பக்கத்திலேயே இருந்தால், அவர்கள் சொந்தக்காரர்களாகவோ ஒரே ஊர்க்காரர்களாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் ஆளின் ஊர் தெரியாவிட்டாலும் டோனோவனின் கல்லறைக் கல்லில் ஊர் பொறித்திருக்கலாம்.

மணமாகாத பெண்கள் வீட்டு வேலைக்காரிகளாக முதலாளி வீட்டுப் பட்டியலின் கடைசியில் இருப்பார்கள். அங்கே விவரம் சொன்னவர் முதலாளி அம்மாள். வயதும் வந்த ஆண்டும் அவர் குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கும்.

பிள்ளைகளின் பெயர் வரிசையையும் கவனியுங்கள். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். 'பேரன்' என்ற சொல்லுக்குள்ளேயே தாத்தாவின் பெயரைச் சுமக்கும் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எல்லாக் குடும்பங்களும் இதைப் பின்பற்றவில்லை, குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் உண்டு. ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆனால் அயர்லாந்து பதிவேட்டில் ஒரே பெயரில் மூன்று பேர் நிற்கும்போது யாரை முதலில் விசாரிக்கலாம் என்று காட்டும்.

இருபதாண்டு இடைவெளியை நிரப்புவது

1890 எரிந்ததால் 1880-க்குப் பிறகு 1900-தான். அதற்குள் ஒரு பெண் வந்து, மணந்து, பெயர் மாறி, விதவையாகியும் போயிருக்கலாம். இங்கே மாநில சென்சஸ்கள் காப்பாற்றும். நியூயார்க் மாநிலம் 1855, 1865, 1875, 1892, 1905, 1915, 1925 ஆண்டுகளில் தனியாகக் கணக்கெடுத்தது. 1855 ஏட்டில் இந்த ஊரில் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்ற கட்டம் உண்டு. 1925-ல் குடியுரிமை எந்த நீதிமன்றத்தில், எப்போது கிடைத்தது என்றும் கேட்டார்கள். நியூ ஜெர்சிக்கு 1885, 1895 உண்டு, மாசசூசெட்ஸுக்கு 1855, 1865 உண்டு.

கென்னடி குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் எஃப். கென்னடியின் கொள்ளுத்தாத்தா பேட்ரிக், வெக்ஸ்ஃபோர்ட் கவுண்டியின் டங்கன்ஸ்டவுனிலிருந்து 1840-களின் கடைசியில் பாஸ்டன் வந்தார். 1858 நவம்பரில் இறந்தார். கூட்டாட்சி சென்சஸ்களில் அவர் இருக்கக்கூடியது 1850 ஒன்றே ஒன்றுதான், 1860-ல் விதவை பிரிஜிட்டைத் தேட வேண்டும். பிள்ளைகளோடு குடும்பத் தலைவராக அவரைக் காணத்தக்க ஏடு 1855 மாநில சென்சஸ். மாநில ஏட்டைத் தவறவிட்டால் ஒரு மனிதரே காணாமல் போய்விடுகிறார்.

பெரிய நகரங்களில் ஆண்டுதோறும் அச்சான நகர முகவரிப் புத்தகங்களும் இருக்கின்றன. பெயர், தொழில், முகவரி இருக்கும். 'பேட்ரிக்கின் விதவை' என்று பிரிஜிட்டின் பெயர் திடீரென்று தோன்றும் ஆண்டை வைத்துக் கணவர் எப்போது இறந்தார் என்று குறுக்கிவிடலாம். முகவரி கிடைத்ததும் ஸ்டீவ் மோர்ஸின் தளத்தில் தெருவைக் கொடுத்தால், 1880-க்குப் பிந்தைய சென்சஸ்களில் அது எந்தக் கணக்கெடுப்பு வட்டத்தில் வருகிறது என்று சொல்லும். அந்த வட்டத்தின் பக்கங்களைப் புரட்டிப் பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும் கண்ணால் கண்டுபிடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: நியூயார்க்கில் மே 1 வீடு மாறும் நாள், வாடகை ஒப்பந்தங்கள் அன்று முடியும். சென்சஸ் நாள் ஜூன் 1. அதனால் அந்த ஆண்டுப் புத்தகத்தையும் அடுத்த ஆண்டுப் புத்தகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

தவறான ஆளைப் பிடித்துவிட்டீர்களா?

1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் குடியேறிகள் பதிவு நிலையமான எல்லிஸ் தீவு திறந்தபோது முதலில் பதிவானவர் கார்க்கிலிருந்து இரண்டு தம்பிகளோடு வந்த ஆனி மூர். பிற்காலத்தில் அவருக்கு அங்கேயும் கோவ் துறைமுகத்திலும் சிலை வைத்தார்கள். அவர் டெக்சாஸ் போய் 1923-ல் டிராம் மோதி இறந்தார் என்று பல்லாண்டுகள் நம்பினார்கள். 2006-ல் வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் அதை உடைத்தார். டெக்சாஸ் ஆனி மூர் இல்லினாய்ஸில் பிறந்தவர். உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டுப் போகவே இல்லை, அங்கேயே மணந்து 1924-ல் இறந்தார். 'பிறந்த இடம்' என்ற ஒற்றைக் கட்டத்தை யாராவது நிதானமாகப் பார்த்திருந்தால் போதும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு, அலுப்பான வேலை. அந்த நகரத்தில் அதே பெயரில், பத்து வயது வித்தியாசத்துக்குள் இருக்கும் எல்லாரையும் பட்டியலிடுங்கள். மனைவி, பிள்ளை, தொழில், வார்டு என்று ஒவ்வொருவரையும் அடுத்த சென்சஸ் வரை கொண்டுபோய், உங்கள் ஆள் அல்லாதவரை அடித்துக்கொண்டே வாருங்கள். பெயர் நீங்கலாகக் குறைந்தது மூன்று விவரங்கள் பொருந்தாமல் ஒரு பதிவை உங்கள் மரத்தில் ஒட்டாதீர்கள். இணையத்தில் மற்றவர்கள் வைத்திருக்கும் குடும்ப மரங்கள் துப்பாக மட்டும் உதவும். ஒருவர் செய்த பிழையை நாற்பது பேர் நகலெடுத்திருப்பார்கள்.

சென்சஸிலிருந்து ஊர்ப் பெயருக்கு

இப்போது உங்களிடம் ஒரு குடும்பம் இருக்கிறது: கணவன், மனைவி, பிள்ளைகள், வந்த காலம், வார்டு, அண்டை வீட்டார். இதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெயர் எழுதக்கூடிய ஆவணங்களுக்குப் போகலாம்.

முதலில் வார்டுக்குரிய கத்தோலிக்கப் பங்கை, அதாவது தேவாலய வட்டாரத்தை, கண்டுபிடித்து அதன் திருமணப் பதிவேட்டைப் பாருங்கள். மணமகளின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், சாட்சிகள், சில பங்குகளில் அயர்லாந்துக் கவுண்டியும் பங்கும்கூட இருக்கும். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் கட்டாயம் வேண்டும், ஏன் என்பது கீழே வருகிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1841 முதலே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவு செய்ததால் பாஸ்டன் ஐரிஷ்காரரைத் தேடுவது ஒப்பீட்டளவில் சுலபம். பென்சில்வேனியாவில் மாநிலப் பதிவு 1906-ல்தான் தொடங்கியது, அங்கே பங்குப் பதிவேடும் கல்லறையும்தான் துணை.

குடியுரிமைப் பத்திரங்களில் 1906 செப்டம்பருக்கு முந்தியவை பெரும்பாலும் ஏமாற்றமே தரும். விக்டோரியா ராணிக்கான விசுவாசத்தைத் துறந்தார் என்று எழுதி முடித்துவிடுவார்கள். பிந்தியவற்றில் பிறந்த ஊர், தேதி, கப்பல் எல்லாம் உண்டு. மணமான பெண்களைத் தனியே தேட வேண்டாம். 1922 வரை மனைவிக்கு கணவரின் குடியுரிமையே போதும்.

நியூயார்க்காரர் என்றால் 1850-ல் தொடங்கிய எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்கின் கணக்கேடுகளை மறக்காதீர்கள். ஆள் மாறாட்டத்தைத் தடுக்க, கணக்கு வைத்தவரின் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல் என்று கேட்டு எழுதிவைத்தார்கள். பாஸ்டனில் வெளிவந்த 'பைலட்' பத்திரிகை 1831 முதல் 1921 வரை காணாமல் போன உறவினரைத் தேடும் விளம்பரங்களைப் போட்டது. அதில் கவுண்டியோடு பங்கும் இருக்கும். பிற்காலத்தில் வந்த ஆண்களுக்கு 1917 ஜூன் ராணுவப் பதிவு அட்டையிலும், நாற்பத்தைந்து முதல் அறுபத்துநான்கு வயதினருக்காக 1942 ஏப்ரலில் எடுத்த பதிவு அட்டையிலும் பிறந்த ஊர் கேட்கப்பட்டது.

கடலைக் கடப்பது

கவுண்டி தெரியாமல் அயர்லாந்துப் பதிவேடுகளுக்குள் இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான். அங்கே கவுண்டிக்குள் பேரனி, அதற்குள் சிவில் பாரிஷ், அதற்குள் டவுன்லேண்ட். தாலுகா, பிர்க்கா, வருவாய்க் கிராமம் என்று நம்மிடம் இருப்பதுபோல. நாட்டில் 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உண்டு, ஒரே பெயர் பல கவுண்டிகளில் வரும். கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் சிவில் பாரிஷின் எல்லையும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெயர் மாற்றங்களும் உண்டு: பழைய ஏட்டில் குவீன்ஸ் கவுண்டி என்றால் இன்றைய லீஷ், கிங்ஸ் கவுண்டி என்றால் ஆஃபலி.

கவுண்டி மட்டும் தெரிந்தால் கிரிஃபித் மதிப்பீட்டைப் பாருங்கள். 1847 முதல் 1864 வரை நிலமும் வீடும் வைத்திருந்தவர்களைப் பதிந்த வரி ஏடு அது, இணையத்தில் இலவசம். சல்லிவன் என்ற பெயர் மட்டும் கையில் இருந்தால் கார்க், கெரி முழுக்க நிரம்பிக் கிடப்பார்கள். சல்லிவனும் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும் பக்கத்துப் பக்கத்து டவுன்லேண்டுகளில் வரும் பாரிஷ்கள் சிலவே. அவற்றிலிருந்து தொடங்குங்கள். 1847-க்கு முன் கிளம்பிவிட்டவர் இதில் இருக்க மாட்டார், அவருடைய அண்ணன் தம்பி இருக்கலாம்.

அடுத்து பங்குப் பதிவேடு. அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் இவற்றை இணையத்தில் இலவசமாகத் திறந்தது, 1880 வரை பார்க்கலாம். அங்கே பெயர்வாரியாகத் தேட முடியாது, மாதவாரியாகப் புரட்ட வேண்டும். பெயர்க் குறியீடு ஃபைண்ட்மைபாஸ்ட்டிலும் ஆன்செஸ்ட்ரியிலும் உண்டு. பல பதிவுகள் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்', வில்லியம் 'குலியெல்முஸ்', பிரிஜிட் 'பிரிகிதா'. மேற்குக் கவுண்டிகளில் பல பங்குகளின் ஏடு 1820-களுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1864-க்குப் பிறகு பிறந்தவர் என்றால் அரசுப் பிறப்புப் பதிவை ஐரிஷ்ஜீனியாலஜி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு அங்குள்ள பதிவாளர் அலுவலகத் தளத்தில் கட்டணம் உண்டு.

1901, 1911 சென்சஸ்களில் ஊரிலேயே தங்கிவிட்ட பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் தேடுங்கள், அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இரண்டும் இலவசம். 1911 படிவத்தில் பிறந்த பிள்ளைகள் 10, இருப்பவர் 8 என்று இருந்து வீட்டில் இருவர் மட்டும் இருந்தால் மீதி ஆறு பேர் எங்கே என்பது உங்கள் கேள்வி. இந்த இரண்டு ஏடுகளுக்கும் இடையே முதியவர்களுக்கு 10 ஆண்டில் 15 வயது கூடியிருந்தால் பதறாதீர்கள். 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கியது, அதைப் பெற வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு.

அந்த ஓய்வூதியத்தால் இன்னொரு நன்மை விளைந்தது. பிறப்புப் பதிவு 1864-ல்தான் தொடங்கியதால் முதியவர்களிடம் வயதுக்குச் சான்று இல்லை. அதிகாரிகள் அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 சென்சஸ் ஏடுகளைத் திறந்து பார்த்துச் சரிபார்த்தார்கள். ஏடுகள் போய்விட்டன, அந்தச் சரிபார்ப்புப் படிவங்கள் தப்பின. விண்ணப்பித்தவரின் பெற்றோர் பெயரும் டவுன்லேண்டும் அவற்றில் இருக்கும், சிலவற்றில் 1851-ல் வீட்டில் இருந்த எல்லாருடைய பெயர்களும் வயதோடு இருக்கும். ஆகவே இங்கே கப்பலேறியவரின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஊரைவிட்டுப் போகாத தங்கையின் பெயரை, அவள் புகுந்த வீட்டுப் பெயரோடு போட்டுத் தேடுங்கள்.